படப்புள்ளி: மெகாபிக்சலுக்குத் தமிழில் என்ன சொல்வது?

வேலூரில் கேமரா கடைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எத்தனை மெகாபிக்சல்ணா?” நானும் அதைத்தான் கேட்டேன். “இது இருபது தம்பி, அது பதினாறுதான்” என்றார் கடைக்காரர். இருபதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சொல்லை அன்றே யாராவது பிரித்துக் காட்டியிருந்தால் வேறு கேமரா வாங்கியிருப்பேன்.

‘பிக்சல்’ இரண்டு துண்டுகளின் ஒட்டு. படங்கள் என்று பொருள்படும் ‘பிக்சர்ஸ்’ சுருங்கி ‘பிக்ஸ்’ ஆனது. கூறு என்று பொருள்படும் ‘எலிமென்ட்’ சுருங்கி ‘எல்’ ஆனது. படத்தை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் கூறு. 1965இல், அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெட் பில்லிங்ஸ்லி, விண்கலங்கள் அனுப்பிய நிலவு, செவ்வாய்ப் படங்களைப் பற்றி எழுதும்போது இதை அச்சில் கொண்டுவந்தார். கேமரா விளம்பரத்துக்கு இந்தச் சொல் வந்தது ரொம்பப் பின்னால்தான்.

‘மெகா’ கிரேக்கச் சொல். பெரியது என்று பொருள். அளவைகளில் அது பத்து லட்சம். 1975இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமராவில் இருந்தவை 100க்கு 100, மொத்தம் 10,000 பிக்சல். அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது.

சரி, தமிழில்? படவணு, படத்துணுக்கு, படப்புள்ளி என்று சில சொற்கள் புழங்குகின்றன. ‘எல்’ என்ற பகுதிக்கு நேராக நிற்பது படவணு. ஆனாலும் எனக்குப் படப்புள்ளிதான் சரியாகப் படுகிறது. பிக்சல் வட்டமில்லையே, சதுரமாயிற்றே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் மயிலையும் மாங்காயையும் கொண்டுவருகிறார்கள்; வடிவத்தில் பிக்சல் அந்தக் கட்டத்துக்குத்தான் நெருக்கம். ஆனால் புள்ளி என்றதும் நமக்குக் கோலம் நினைவுக்கு வருகிறது. கேமரா வாங்குகிறவருக்கு வேண்டிய விளக்கம் முழுக்க அந்தக் கோலத்துக்குள் இருக்கிறது.

மார்கழியில் “எத்தனை புள்ளி?” என்று கேட்கும் அக்கா, கூடவே வாசலையும் ஒரு பார்வை பார்ப்பார். பதினைந்து புள்ளிக் கோலம் தாராளமாக விரியும் வாசலில் இருபத்தைந்து வைத்தால் புள்ளிகள் நெருங்கும், இழை ஒன்றோடொன்று ஒட்டும். கேமராவுக்குள் வாசலாக இருப்பது வெளிச்சத்தைப் பதியும் சென்சார், தமிழில் உணரி. ஒவ்வொரு படப்புள்ளியும் தன் இடத்தில் விழும் வெளிச்சத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். இடம் சிறுத்தால் வெளிச்சமும் குறையும்.

நான் வாங்கிய கேமராவின் உணரி சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நண்பரின் பதினாறு மெகாபிக்சல் கேமராவில் 23.6க்கு 15.6, பரப்பில் ஏறக்குறைய 13 மடங்கு. ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோட்டை அகழிக்கரையில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று எடுத்தோம். அவர் படத்தில் மதிலின் கல்லுக்குக் கல் இணைப்புக் கோடு தெரிந்தது, தண்ணீரில் அதன் நிழலும் தெரிந்தது. என் படத்தில் மதில் மேல் மணல் தூவினாற்போல் ஒரே பொரிபொரி. புள்ளி எனக்குத்தான் அதிகம்.

புள்ளி அறவே வேண்டாம் என்பதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து 12க்கு 8 அங்குலத்தில் அச்சிட 3600க்கு 2400, அதாவது 86 லட்சத்துச் சொச்சம் போதும். வீட்டுச் சுவரில் மாட்ட ஒன்பது மெகாபிக்சலே தாங்கும். பறவையைத் தூரத்திலிருந்து எடுத்து வெட்டிப் பெரிதாக்குகிறவருக்குக் கூடுதலாக வேண்டும். மற்றவர்கள் அந்தக் காசை உணரிக்கும் லென்சுக்கும் ஒதுக்கலாம்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். என்னுடையதைப் போன்ற கேமராவின் பெட்டியில் உணரியின் அளவை 1/2.3 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே கணக்குப் போட்டால் 11 மில்லிமீட்டர் வரும். உண்மையான மூலைவிட்டம் எட்டுக்கும் குறைவு. பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. குழாய் போய்விட்டது, எண் நின்றுவிட்டது. அதனால் கடையில், “சென்சார் எத்தனை மில்லிமீட்டர்ணா, நீளம் அகலம் சொல்லுங்க” என்று கேளுங்கள். அப்புறம் புள்ளியைக் கேட்கலாம்.