என்கவுன்டர்: சொல்லின் வரலாறும் தகுந்த தமிழும்

தமிழ்நாட்டுக் காவல்துறைத் தொடர்களைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதித் தமிழ்க் குடும்பங்களில், தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட ‘என்கவுன்டர்’ என்பதைத் தமிழ்ச்சொல் போலவே விளங்கிக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டிய ஒருவரைக் காவல் அதிகாரியே சுட்டுக் கொல்வது என்பதே தொடர்களில் அதன் பொருள். அகராதிப் பொருள் அதுவன்று.

‘எதிர்’ என்று பொருள்படும் ‘கோன்ட்ரா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், எதிர்பாராமல் ஒருவரையொருவர் எதிர்ப்படுதலையும் நேருக்கு நேர் மோதுதலையும் குறித்தது. குற்றவாளிகள் முதலில் தாக்கினார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்று இந்தியக் காவல்துறை எழுதிய அறிக்கைகளில்தான் அது இன்றைய பொருளைப் பெற்றது. ஆகவே இச்சொல் ஒரு நிகழ்ச்சியின் பெயராக மட்டும் வரவில்லை. ஒரு தரப்பின் வாக்குமூலத்தையும் உள்ளடக்கிக்கொண்டு வந்தது. ஆயினும் மக்களின் பேச்சு அந்த வாக்குமூலத்தை அப்படியே ஏற்கவில்லை. தற்செயலாக எதிர்ப்படுவதை ஒருவர் இன்னொருவருக்குச் ‘செய்ய’ முடியாது. ‘அவனை என்கவுன்டர் செய்துவிட்டார்கள்’ என்று நாம் சொல்லும்போதே, சுட்டவர் ஒரு தரப்பு, சுடப்பட்டவர் மறு தரப்பு, இடையே மோதல் எதுவும் இல்லை என்பதை ‘அவனை’ என்பதிலுள்ள இரண்டாம் வேற்றுமை உருபே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

இதனாலேயே நாளிதழ்கள் எழுதும் ‘மோதல்’, ‘மோதல் சாவு’ ஆகிய மொழிபெயர்ப்புகள் எனக்கு ஏற்புடையனவாக இல்லை. ‘போலி மோதல்’ சற்றுத் தெளிவானது; எனினும் அது பொய்யைச் சுட்டுகிறதே தவிரக் கொலையைச் சுட்டவில்லை. இதனோடு உறவுடைய ‘விஜிலான்டி’ என்பது ஸ்பானிய மொழியில் காவலாளியைக் குறிக்கும் சொல். 1851-இலும் 1856-இலும் சான் பிரான்சிஸ்கோவில் நகரத்தார் தாமே குழு அமைத்துச் சிலரைத் தூக்கிலிட்ட பிறகு, சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்வோரைக் குறிக்கும் பெயராக அது நிலைபெற்றது. அதற்குத் ‘தன்னிச்சைத் தண்டனையர்’ என்பது போதும். ஆனால் சீருடையும் சம்பளமும் பெற்ற காவலரே அதைச் செய்யும்போது அதே பெயரால் அழைப்பது பொருந்தாது; ஏனெனில் அவர் தமக்கில்லாத அதிகாரத்தைப் பறித்துக்கொள்வதோடு, தமக்கு நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆயுதத்தையும் அதற்குப் பயன்படுத்துகிறார்.

தொடர்களில் இச்செயல் ஏன் அறமாகவே தோன்றுகிறது என்பதை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். வில்லன் அந்தப் பெண்ணைக் கடத்தியதை, சாட்சியை மிரட்டியதை, நீதிபதிக்குப் பணம் கொடுத்ததை நாம் முன்பே கண்ணால் கண்டுவிட்டோம். கதாநாயகனான அதிகாரிக்குத் தெரியாததுகூட நமக்குத் தெரியும். எனவே அவர் சுடும் குண்டு தவறான ஆள்மீது பாயவே வழியில்லை. விசாரணை என்பது வழக்கறிஞர்கள் இழுத்தடிக்கும் வெற்றுச் சடங்காகத் தெரிகிறது. விசாரணையின் வேலையைக் கேமரா முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறது. உண்மை வாழ்க்கையில் எந்தக் காவலருக்கும் அந்தக் கேமரா வாய்ப்பதில்லை. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நால்வரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றபோது மக்கள் அந்தக் காவலர்கள்மீது மலர் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, கொல்லும் நோக்கத்துடனேயே அந்த நால்வரும் சுடப்பட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் 2022-இல் வெளியான அறிக்கையில் கண்டறிந்தது. அந்த நால்வர் குற்றம் செய்தார்களா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இனி விடை சொல்ல முடியாது. இறந்த பெண்ணுக்கும் அது செய்யப்பட்ட அநீதியே.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நாம் இந்தக் காட்சிகளுக்குக் கைதட்டுவது எனக்குக் கூடுதலான வருத்தத்தைத் தருகிறது. தடுப்புக்காவலில் இறந்தவர்கள் சோப்பில் வழுக்கி விழுந்தார்கள், மாடியிலிருந்து தாமே குதித்தார்கள் என்ற அறிக்கைகளை நிறவெறி ஆட்சியில் கேட்டு வளர்ந்த நாடு இது. நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோல் 1971-இல் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தில் தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லப்பட்டதை, அது கொலையே என்று நீதிமன்றம் திருத்துவதற்கு 2017 வரை ஆயிற்று. ‘விழுந்தார்’ என்ற அந்த வினைச்சொல்லும் ‘என்கவுன்டர்’ என்ற இந்தப் பெயர்ச்சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 1995-இல் நம் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையையே ஒழித்தது. முழு விசாரணைக்குப் பின்னரும் அரசு செய்யக் கூடாதது என்று நாம் தீர்மானித்த ஒன்றை, விசாரணையே இல்லாமல் ஓர் அதிகாரி செய்தால் வீரம் என்கிறோம். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பன் அருகே நம்மவர் பெருமளவில் வாழும் பீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும், தெருக்களில் தடுப்புகள் அமைத்துக் காவல் நின்ற சிலர் கறுப்பின மக்களைச் சந்தேகத்தின் பேரிலேயே தாக்கியதையும் நாம் மறந்திருக்க முடியாது. வீட்டைக் காக்க நின்றவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் அல்லர். ஆனால் அச்சமுற்றவரின் சந்தேகமே தீர்ப்பாகிவிட்டால் என்ன நிகழும் என்பதை நம் தெருக்களே கண்டன.

தகுந்த தமிழைத் தேட நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. நீதிக்குப் பழந்தமிழ் ‘முறை’ என்று பெயர். ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’ என்பது செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள். இன்று வாக்கெடுப்பைக் குறிக்கும் ‘தேர்தல்’ என்ற சொல்லுக்கு அங்கே ஆராய்ந்து தெளிதல் என்று பொருள். கொடியோரைக் கொல்வது களை எடுப்பதற்கு ஒப்பானது என்னும் 550-ஆம் குறளைச் சிலர் காவல்துறைக் கொலைகளுக்கு ஆதரவாகக் காட்டுவதுண்டு. அதே அதிகாரத்தின் தொடக்கத்திலேயே ‘தேர்ந்து’ என்ற நிபந்தனை வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். பயிர் எது, களை எது என்று ஆராய்ந்த பிறகே குறள் களையெடுக்கச் சொல்கிறது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியனைச் சிலப்பதிகாரம் ‘தேரான்’ என்கிறது. கண்ணகி அவனைத் ‘தேரா மன்னா’ என்றே விளிக்கிறாள். மதுரையை எரித்தவள் அவள் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன் அவைக்கு வந்து சிலம்பை உடைத்துச் சான்று காட்டி வழக்குரைத்தவளும் அவளே.

ஆகவே ‘என்கவுன்டர்’ என்பதற்குத் ‘தேரா ஒறுப்பு’ என்ற தொடரை நான் முன்வைக்கிறேன். ஒறுத்தல் என்பது தண்டித்தல். ஆராயாமல் தண்டித்தல் என்பதே இச்செயலின் உள்ளியல்பு. பேச்சு வழக்கில் இது கடினமாகப் படுமானால், ‘விசாரணையில்லாக் கொலை’ என்று எவரும் சொல்லலாம். ‘நீதிக்குப் புறம்பான கொலை’ என்பதும் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஒரு நிகழ்ச்சி விசாரணையில் இருக்கும்வரை, உண்மையிலேயே தற்காப்புக்காகச் சுட்ட காவலருக்கும் அநீதி நேராதபடி, ‘காவல்துறையினர் சுட்டதில் இறந்தார்’ என்று எழுதுவதே சரி. இத்தொடரில் சுட்டவர் யார் என்பது மறைவதில்லை, தீர்ப்பும் முந்திக்கொள்வதில்லை.