எது முதலில் உருக வேண்டும்?

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கி, கொட்டும் மழையில், மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான் என் அக்கா மகன். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் கடற்பாலத்தின் பாதியில் இஞ்சின் நின்றுவிட்டது. முன்விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை. பின்னால் நூற்றுக்கணக்கான வண்டிகள். காரணம், கைப்பிடியில் மாட்டியிருந்த ஃபோன் சார்ஜர்.

“ஒரு சார்ஜர்தானே மாமா, அதற்காக வண்டியே நின்றுவிடுமா?” என்று கேட்டான்.

நிற்கும். மோட்டார்சைக்கிளில் பேட்டரியின் எதிர்முனை வண்டிச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. அதாவது இரும்புச் சட்டம் முழுவதும் ஒரு பெரிய வயர். சார்ஜருக்குப் போகும் சிவப்பு வயர் எங்கே தோல் உரிந்து சட்டத்தைத் தொட்டாலும் ஷார்ட் சர்க்கியூட்தான். கைப்பிடியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதன் கழுத்துப் பகுதியில் வயர் மடிந்து இரும்பில் உரசும். இவனுடைய வயரும் அங்கேதான் தேய்ந்திருந்தது. அதைப் பொருத்திக் கொடுத்தவர், முன்விளக்குக்குப் பின்னால் ஓடிய ஏதோ ஒரு வயரைச் சுரண்டி, அதில் இதை முறுக்கி, டேப் சுற்றி அனுப்பியிருந்தார். பல சிறிய வண்டிகளைப் போல அந்த வண்டியிலும் மொத்தமாக ஒரே ஒரு ஃபியூஸ். அது போனதும் எல்லாமே போயிற்று.

ஆனாலும் அவன் அதிர்ஷ்டசாலி என்றே சொல்வேன். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.023 ஓம். சார்ஜர் இழுக்கும் 2 ஆம்பியர் ஓடும்போது அதில் பிறக்கும் வெப்பம் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஷார்ட் ஆனால் சிறிய பேட்டரிகூட 100 ஆம்பியரைத் தள்ளிவிடும். மின்னோட்டம் 50 மடங்கானால் வெப்பம் 50 மடங்கல்ல, அதன் வர்க்கமான 2,500 மடங்கு. ஒரே மீட்டர் வயரில் 230 வாட். அந்த வயர் போவதோ பெட்ரோல் டாங்கின் அடியில்.

இந்த வர்க்கக் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வதே ஃபியூஸின் வேலை. உருகி என்ற பாடப்புத்தகப் பெயர் இதற்கு வெகு பொருத்தம். வண்டியில் செருகும் தட்டை ஃபியூஸுக்குள் இருப்பது பெரும்பாலும் துத்தநாகப் பட்டை. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும், துத்தநாகத்துக்கு 420 போதும். பட்டையின் நடுப்பகுதியை வேண்டுமென்றே ஒடுக்கியிருப்பார்கள். அங்கே மின்தடை அதிகம், வெப்பமும் அதிகம், ஆகவே முதலில் அறுவது அதுதான்.

எவ்வளவு மெல்லிய கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதற்கு, பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் 1880களிலேயே ஒரு விதியைக் கண்டார். கம்பியில் பிறக்கும் வெப்பம் குறுக்குப்பரப்பைப் பொறுத்தது, வெளியேறும் வெப்பம் மேற்பரப்பைப் பொறுத்தது. இரண்டையும் சமன்செய்தால், விட்டம் நான்கு மடங்கானால் உருக்கும் மின்னோட்டம் எட்டு மடங்காகிறது. ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு அது சுமார் 80 ஆம்பியர். ஊரில் பாட்டி வீட்டு ஃபியூஸ் கட்டையில், அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவைப்பார்கள். பிறகு உருக வேண்டிய நேரத்தில் அது உருகாது. போன ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் செருகுவதும் அதே வேலைதான்.

பலர் நினைப்பதுபோல ஃபியூஸ் சார்ஜரைக் காப்பதற்கல்ல. வயரைக் காப்பதற்கு. 10 ஆம்பியர் ஃபியூஸ் 11 ஆம்பியரை மணிக்கணக்கில் சகித்துக்கொள்ளும். 13.5 ஆம்பியரில் பத்து நிமிடம்வரை தாக்குப்பிடிக்கலாம். 20 ஆம்பியரில் ஐந்து நொடிக்குள் அறும். சார்ஜருக்குள் இருக்கும் மின்னணுச் சில்லு அதற்கெல்லாம் காத்திருக்காது, முன்பே கருகிவிடும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்றுமுனைப் பிளக்கைத் திறந்து பாருங்கள், உள்ளே சின்னக் குழல் ஃபியூஸ் இருக்கும். மேசைவிளக்குக்கு 3, இஸ்திரிப்பெட்டிக்கு 13 என்று அது மாறுவதும் அந்தந்த வயரின் தடிமனை வைத்துத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் சார்ஜரைச் சரியாகப் பொருத்தும் வேலை தானாக வரும். ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய வயருக்குக் காவல் கிடையாது. அங்கிருந்து தடித்த வயர் ஒன்று, 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸ் வழியாக, இருக்கைக்கு அடியில் உள்ள சிறு ஃபியூஸ் பெட்டிக்குப் போகட்டும். நடுவே ஒரு ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். சாவியைத் திருப்பினால்தான் அது மின்சுற்றை இணைக்கும், அதன் சுருள் இழுப்பதோ ஒரு ஆம்பியரில் சிறு பங்கு. வண்டியின் பழைய வயர்களுக்கு அதனால் சுமையே இல்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஃபியூஸ். 24 வாட் சார்ஜர், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, அதன் இழப்பையும் சேர்த்து, 2.4 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் ஊதா கொஞ்சம் நெருக்கம், 5 ஆம்பியர் வெளிர்பழுப்பு சரி. சாலைக் கட்டணம் கழிக்கும் ஈஆர்பி கருவியின் வயரை மட்டும் தொடாதீர்கள்.

ஃபியூஸ் பெட்டி வைத்ததால் மின்சாரம் கூடிவிடாது. சிங்கப்பூரில் 1995 முதல் மோட்டார்சைக்கிளுக்குப் பகலிலும் முன்விளக்கு கட்டாயம். கடற்பால நெரிசலில் ஊர்ந்துபோகும்போது இஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, ஜெனரேட்டர் தருவதும் குறைவு, மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கிறது. கேமரன் மலைக் குளிருக்கென்று கைப்பிடியைச் சூடாக்கும் கருவி வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். கையுறை போதுமே!

அக்கா மகனின் வண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பொருத்தினோம். பெட்டியின் மூடிக்குள் இரண்டு உபரி ஃபியூஸ்களை டேப் போட்டு ஒட்டினேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு மழைநாளில் சார்ஜருக்குள் தண்ணீர் புகுந்தது. ஃபோனில் சார்ஜ் ஏறவில்லை என்பதை அவன் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தானாம்.