எந்திரக்கல் பாறையின் மேலே ஒரு சதுப்பு

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், ஹேதர்சேஜ் ஊருக்கு மேலே ஸ்டானேஜ் என்றொரு நீண்ட பாறை விளிம்பு உண்டு. வசந்தம் வந்துவிட்டால் கூட்டங்கூட்டமாக மலைநடைக்கு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். விளிம்புக்குக் கீழே, கைவிடப்பட்ட கல்குவாரிகளில், மாவு அரைக்கச் செதுக்கி முடித்த எந்திரக்கற்கள் பாசி படர்ந்து கிடக்கின்றன. வாங்க ஆளில்லாமல் போன சரக்கு. விளிம்பின் மேலே மரமே இல்லாத பரந்த மேட்டுநிலம். அங்கே அதை மூர் என்கிறார்கள். இன்னும் மேற்கே கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுப் பக்கம் போனால் கால் புதையும் கரிய சேறு. குவாரிக்கும் சேற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வகைப் பாறைதான்.

சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே இருந்த மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்த பருமணல் கழிமுகத்தில் படிந்து இறுகி இந்தப் பாறையானது. பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தின் மணிகள். தேயத் தேயப் புதிய மணிகள் வெளியே வருவதால் சொரசொரப்பு குறையாது, நன்றாக அரைக்கும். ஆனால் தேய்ந்த தூள் மாவில் கலந்து அதைப் பழுப்பாக்கியது. 18-ஆம் நூற்றாண்டில் வெள்ளை ரொட்டி மோகம் வந்ததும் பிரான்ஸிலிருந்து வந்த கடினமான கல்லுக்கு மவுசு கூடியது. அப்புறம் உருளை ஆலைகள் வந்தன. கதை முடிந்தது.

இந்தப் பாறையில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றே சொல்லலாம். அதனால் மண்ணின் அமிலத்தன்மையை முறிக்க எதுவும் இல்லை. குளிரும் ஓயாத மழையும் சேர்ந்தால் அது ஸ்பாக்னம் பாசிக்கு ராஜ்யம். அதன் இலையில் மெல்லிய பச்சை செல்களுக்கு நடுவே செத்து வெறுமையான பெரிய செல்கள் இருக்கின்றன. அவற்றின் துளைகள் வழியே தண்ணீர் ஏறி, உலர்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை தங்கும். அதோடு விடுவதில்லை. நீரிலுள்ள தாதுக்களை இழுத்துக்கொண்டு, பதிலுக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. சுற்றுப்புறம் இன்னும் புளிக்கிறது. போட்டிச் செடிகள் ஒதுங்குகின்றன. தன் வீட்டைத் தானே கட்டும் செடி என்றால் இதுதான்.

அமிலமும் ஆக்சிஜன் இல்லாத ஈரமும் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். செத்த பாசி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. அதுதான் பீட். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டுகள். காற்றிலிருந்து செடி எடுத்த கார்பன் அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

இதைக் கெடுத்தது மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகை. கந்தக டைஆக்சைடு பாசியைக் கொன்றது. மூடியிழந்த பீட் காய்ந்து, மழையில் அரித்து, உள்ளிருந்த கார்பனையும் காற்றில் விட்டது. 2003 முதல் ஒரு கூட்டமைப்பு ஓடைகளை மறித்து, பாசியைத் திரும்ப நட்டு வருகிறது. தண்ணீர் நின்று வடிவதால் கீழே வெள்ளத்தின் வேகமும் குறைகிறது.

மலைநடைக்காரர்களின் காலும் லேசுப்பட்டதல்ல. ஒருவர் சேற்றைச் சுற்றிப் போனால் பின்னால் வருபவர் இன்னும் தள்ளிச் சுற்றுவார்; பாதை அகன்றுகொண்டே போகும். அதற்காகப் பல இடங்களில், இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். அகலமான பலகைக்கல் எடையைப் பரப்பிவிடுவதால் பீட்டில் சட்டென்று அமிழாது. வசந்தத்தில் அந்தக் கல்லைவிட்டு இறங்காமல் நடக்க இன்னொரு காரணமும் உண்டு: வளைந்த நீள அலகுள்ள கர்லூ பறவை தரையிலேயே முட்டையிடும் காலம் அது. நாய் கூட வந்தால், இங்குள்ள திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அதைக் கயிற்றில் பிடித்துத்தான் நடக்க வேண்டும், சட்டமே அப்படி.