மெய்நிகர் இருக்க மாய யதார்த்தம் எதற்கு?

நாலு பேர் முன்னால் நின்று பேசும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை, கணினி வரைந்த உலகத்தைக் கண்முன் காட்டும் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) கருவியை மாட்டிவிட்டு ஆராய்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் விர்ச்சுவல் ரியாலிட்டியை 'மாய யதார்த்தம்' என்றே எழுதுகிறார்கள். திரும்பத் திரும்பப் படித்துச் சலித்துவிட்டது. இந்த இடத்தில் அது தவறான சொல், 'மெய்நிகர்'தான் சரி.

விர்ச்சுவல் என்பதன் வேர் இலத்தீன் 'விர்ட்டூஸ்'. ஆற்றல், வீரம் என்று பொருள். பிறகு அது 'வடிவத்தில் இல்லாவிட்டாலும் விளைவில் அதுவே' என்ற பொருளுக்கு நகர்ந்தது. கணினித் துறை அதை எடுத்துக்கொண்டது. 1980களில் ஜேரன் லேனியர் விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற பெயரைப் பரப்பினார். வரலாறு இவ்வளவு போதும்.

'மாய' பள்ளி இயற்பியலிலிருந்து வந்திருக்க வேண்டும். திரையில் பிடிக்க முடிகிற உருவம் மெய் பிம்பம், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது மாய பிம்பம். ஒளியியலில் அது பொருந்தும், இருக்கட்டும். ஆனால் மாய யதார்த்தம் என்றால் இலக்கியம் படிக்கிறவருக்கு, நடக்க முடியாததை இயல்பாகச் சொல்லும் லத்தீன் அமெரிக்கக் கதைகள்தான் நினைவுக்கு வரும். ஏற்கெனவே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சொல் அது.

இதைவிடப் பெரிய குறை, 'மாயம்' நடப்பதையே பொய்யாக்கிவிடுகிறது. 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். வேலைக்கு நேர்காணல் என்று வைத்துக்கொண்டு, தேர்வுக் குழுவின் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடம் மனக்கணக்கு: 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேண்டும். 1009, 996, 983... தப்பினால் மறுபடி 1022. குழுவில் ஒருவரும் சிரிக்க மாட்டார், தலையாட்டவும் மாட்டார். இதயத் துடிப்பு உடனே ஏறும். பதற்றத்தில் உடல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கொஞ்சம் தாமதித்து ஏறும். அதை உமிழ்நீரில் அளக்கிறார்கள்.

அந்தக் குழுவைக் கணினி வரைந்த உருவங்களாக மாற்றி, கருவி வழியாகக் காட்டிப் பார்த்தார்கள். அப்போதும் துடிப்பு ஏறியது, கார்ட்டிசாலும் ஏறியது. எதிரில் ஆளில்லை என்று பேசுகிறவருக்கே தெரியும், இருந்தும் உடல் கேட்கவில்லை. உமிழ்நீரில் அளக்கக் கிடைக்கும் ஒன்றை மாயம் என்று எப்படிச் சொல்வது?

மெய்நிகர் இங்கேதான் அழகாகப் பொருந்துகிறது. மெய் என்றால் உண்மை, உடம்பும் மெய்தான். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று சொல்லி, அச்சத்தையும் இளிவரலையும் (இழிவுபட்டதாக உணர்வதையும்) அதில் வைத்தது தொல்காப்பியம். இந்த ஆய்வுகள் தேடுவதும் அந்த இரண்டைத்தான். கார்ட்டிசாலையே மெய்ப்பாடு என்று நான் சொல்ல மாட்டேன், அது கண்ணுக்குத் தெரியாதது. 'உடலின் எதிர்வினை' போதும்.

ஒரு மறுப்பு வரும். உண்மையான குழுவின் முன் ஏறும் அளவுக்குக் கருவியில் கார்ட்டிசால் பொதுவாக ஏறுவதில்லையே, அப்புறம் எப்படி நிகர்? நிகர் என்றால் அளவில் சமம் என்று மட்டும் பொருளில்லை. நிலவை நிகர்த்த முகம் என்றால் முகம் நிலவாகிவிடாது. ஒத்திருப்பதும் நிகர்த்தல்தான். 'விளைவில் அதுவே' என்ற மூலப் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல்லை நான் பார்த்ததில்லை.

மெய்நிகரை ஏற்றவர்களும் அதைச் சும்மா விடுவதில்லை. 'மெய்நிகர் உண்மை' என்கிறார்கள். மெய்தான் முன்னாலேயே நிற்கிறதே, உண்மை எதற்கு இன்னொரு தடவை? மெய்நிகர் உலகம், மெய்நிகர் காட்சி, மெய்நிகர் அவை என்று இடத்துக்கேற்ப எழுதினால் தெளிவாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவதன் விளைவு இதெல்லாம். அதே கட்டுரைகளில் சோஷியல் ஸ்ட்ரெஸ் 'சமூக அழுத்தம்' ஆகிறது. படித்தால், கல்யாணம் எப்போது என்று ஊர் கேட்கும் நெருக்கடி என்றுதான் தோன்றும். ஆய்வில் இருப்பது பிறர் நம்மை எடைபோடும்போது வரும் பதற்றம். 'மன அழுத்தம்' என்று மாற்றினாலும் தீராது, மனச்சோர்வு நோயையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். மேடையில் பேசும் சோதனை மட்டும் என்றால் 'அவையச்சம்' என்ற சொல் இருக்கிறது. மற்ற இடங்களில் 'பிறர்முன் பதற்றம்' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் படிக்கிறவர் வேறு எதையும் நினைத்துக்கொள்ள மாட்டார்.