பளபளப்பான வண்டிக்குள் ஆற்று வண்டல்

2024 சித்திரை வெயிலில் ஒரு தங்கச்சி, பாளையங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஜவுளிக்கடையில் வேலை. வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2019 மாடல், வெள்ளை நிறம், ஷோரூமிலிருந்து நேராக எடுத்து வந்த மாதிரி இருந்தது. "நல்லாத்தான் ஓடிச்சு அண்ணாச்சி. இப்ப திடீர்னு செல்ஃப் எடுக்க மாட்டேங்கு, ஹாரனும் அடிக்க மாட்டேங்கு" என்றது.

முன்பேனலைக் கழற்றினேன். ஒயரிங் கப்ளருக்குள், ஹாரனுக்குள், சாவிப் பூட்டுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் காய்ந்த வண்டல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த வண்டிகளில் சில, கழுவி, பாலிஷ் போட்டு, புது சீட் கவரோடு விற்பனைக்கு வந்துவிட்டன. அதில் ஒன்றுதான் இது. ஒயரிங் செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

முதல் வண்டியாகப் பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி நல்லது?" அதற்குப் பதில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஹோண்டா ஆக்டிவா 2001-லிருந்து வருகிறது, சுசுகி ஆக்சஸ் 2007-லிருந்து, டிவிஎஸ் ஜூபிடர் 2013-லிருந்து. மூன்றுக்குமே பெல்ட் முதல் பிரேக் ஷூ வரை சின்ன ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். ஒல்லியான, உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு ஸ்கூட்டி பெப் பிளஸ் கைக்கு அடக்கம். ஆனால் இரண்டு பேராக ஏறி நம் திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலம் ஏறினால் அது மூச்சு வாங்கும். நம் ஊர்ச் சாலைக் குழிகளை நினைத்தால், முன்சக்கரம் 12 இன்ச் இருக்கிற வண்டிக்கே என் ஓட்டு. பழைய 110 சிசி ஆக்டிவாக்களில் இரண்டு சக்கரமும் 10 இன்ச்தான். அதில் 6ஜி என்ற மாடலில்தான் முன்சக்கரம் பெரிதானது.

கம்பெனி நல்லதாக இருந்து என்ன, உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரு வண்டி எப்படி என்பதல்லவா கேள்வி?

பார்க்கப் போகிறேன் என்று போன் செய்யும்போதே, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சூடு தெரிந்தால் போதும். சூடாக இருந்தால், காலையில் அந்த வண்டி எடுக்க அடம்பிடித்திருக்கிறது, நீங்கள் வருவதற்குள் எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். குளிர்ந்த இன்ஜின் ஒன்றிரண்டு செல்ஃபில் எடுக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. அதாவது இன்ஜினைப் பிரிக்கும் வேலை காத்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கையில் மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். கிளம்பும்போது வண்டி நடுங்கினால் கிளட்ச் பக்கம் வேலை. இழுவை இல்லாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் பெல்ட்டோ ரோலரோ தேய்ந்திருக்கும். இது பயப்படுகிற விஷயம் இல்லை, பேரம் பேசுகிற விஷயம். ஆளில்லாத நேரான ரோட்டில் பிடியை லேசாக்கிப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் ஃபோர்க்கோ (முன்சக்கரத்தைத் தாங்குவது) சேஸிஸோ (வண்டியின் சட்டம்) அடிபட்டிருக்கலாம். அதைச் சரிசெய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் நகர்ந்து வந்துவிடுங்கள்.

மீட்டர் ஓட்டத்தை நான் நம்புவதில்லை. டயரை நம்புவேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. 2019 மாடல் வண்டி, ஓட்டம் எட்டாயிரம் கிலோமீட்டர்தான் என்கிறார்கள். டயரில் 2022 என்று இருக்கிறது, அதாவது 2022-இன் 20-ஆவது வாரம். எட்டாயிரத்துக்குள் டயர் ஏன் மாற்றினார்கள்? கேளுங்கள். பிரேக் பெடல் இல்லாத ஸ்கூட்டரில் கால்வைக்கும் பலகையின் தேய்மானமும் கைப்பிடி ரப்பரும் பொய் சொல்லத் தெரியாதவை.

வெள்ளத்தில் மூழ்கியதா என்று பார்க்க ஹெட்லைட் கண்ணாடியின் உட்புறத்தில் நீர்க்கோடு, சீட்டுக்கடியில் போல்ட் தலைகளில் துரு, ஏர் ஃபில்டரில் மண் இருக்கிறதா எனப் பாருங்கள். ஆயில் குச்சியில் ஆயில் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். மைலேஜும் ஸ்டார்ட்டிங்கும் நன்றாக இருக்கும்; ஆனால் கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் விளக்கே எரியவில்லை என்றால், பல்பைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். எங்கள் ஊரில் இதுவும் நடந்திருக்கிறது.

பழைய மின்சார ஸ்கூட்டர் பற்றியும் கேட்கிறார்கள். பேட்டரி வாரண்டி எழுத்தில் பாக்கி இல்லாவிட்டால் முதல் வண்டியாக அது வேண்டாம். விலையில் பெரும்பங்கு பேட்டரிதான்.

அடுத்து காகிதம். ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டிமேல் கடன்) என்று வங்கி பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். பழைய ஓனர் கையெழுத்து என்று புரோக்கர் போட்டுக்கொடுப்பதை வாங்காதீர்கள், ஆளை நேரில் பாருங்கள். வண்டியில் உள்ள சேஸிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதியும், ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் தட்டிப்பாருங்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கு" என்ற சொல்லில் ஏமாறுபவர்கள் நிறைய. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு 5 வருட தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான) இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த ஐந்து முடிந்த வண்டிகள்தான் இப்போது சந்தையில் அதிகம். முடிவுத் தேதியைக் கண்ணால் பாருங்கள். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள புது இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரி இறங்கும் முன்பு இருந்த புது வண்டி விலையை வைத்துக் கணக்குச் சொல்லும் விற்பனையாளரிடம் இதைச் சொல்லுங்கள், தொண்டையைச் செருமுவார்.

கையில் நாற்பதாயிரம் இருந்தால் முப்பத்தைந்துக்கு மேல் வண்டி தேடாதீர்கள். மீதி ஐந்து, வாங்கிய வாரமே பட்டறைக்கு. இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ, பெல்ட் பார்ப்பது. பின்சக்கரத்தருகே கியர் ஆயில் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பழைய ஓனர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் திறக்கும்போது கருப்புச் சாந்து மாதிரி வழியும். அதையும் மாற்றச் சொல்லுங்கள்.