பிழை காட்டாத பிழை: மிப்ஸில் அரே முகவரி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் ஒரு வார மல்லிகை விலை, திங்கள் முதல் ஞாயிறு வரை, விலை[7] என்ற இன்ட் அரேயில் இருப்பதாகக் கொள்வோம். சி-யில் விலை[நாள்] என்றால் போதும், கம்பைலர் முகவரியைக் கணக்கிட்டுக்கொள்ளும். மிப்ஸ் என்ற ப்ராசஸரின் அசெம்பிளி மொழியில் அது நம் பொறுப்பு. அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. ஓர் இன்ட் 4 பைட். தொடக்க முகவரி $எஸ்0 என்ற ரிஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் உள்ள சேமிப்பிடம்), நாள் (திங்கள் 0, ஞாயிறு 6) $எஸ்1-இல் இருந்தால்:

எஸ்எல்எல் $டி0, $எஸ்1, 2
ஆட்யூ $டி0, $டி0, $எஸ்0
எல்டபிள்யூ $டி1, 0($டி0)

முதல் வரியின் எஸ்எல்எல் இடப்பக்கம் 2 பிட் தள்ளுகிறது, அது 4-ஆல் பெருக்கியதாகும். ஆட்யூ தொடக்க முகவரியைக் கூட்டுகிறது, எல்டபிள்யூ அங்கிருந்து 4 பைட்டை $டி1-இல் ஏற்றுகிறது. 1 பைட் கேர் அரேக்கு அந்த முதல் வரி வேண்டாம், எல்டபிள்யூவுக்குப் பதில் ஒரு பைட்டை ஏற்றும் எல்பி போதும். ஷார்ட்டுக்கு 1 பிட், டபுளுக்கு 3 பிட் தள்ள வேண்டும்.

அந்த முதல் வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நாள் 0 என்றால் விடை சரியாகவே வரும். 1, 2, 3, 5, 6 என்றால் முகவரி நான்கின் மடங்காக இராது. எல்டபிள்யூ அதை ஏற்காது, நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லதுதான். ஆபத்து 4-இல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விலையைக் கேட்கிறோம், செவ்வாய்க்கிழமை விலை வருகிறது, எந்தப் பிழையும் இல்லாமல். மதுரை வட்டாரக் கல்லூரி மாணவர்கள் லேப் ரெக்கார்டில் விடையை எழுதுமுன் ஏழு நாளுக்கும் ஏழு வெவ்வேறு விலை கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 0-ஐ மட்டும் சோதிப்பது சோதனையே அல்ல.

4-ஆல் பெருக்கியும் நிரல் பிழை காட்டி நின்றால் டேட்டா பகுதியைப் பாருங்கள். ஒரு சரத்துக்குப் பின்னால் .ஸ்பேஸ் 28 என்று இடம் ஒதுக்கினால் தொடக்க முகவரியே நான்கின் மடங்காக இல்லாமல் போகலாம். அதற்கு முன் .அலைன் 2 சேருங்கள்.

இதைவிட மோசமானது, எஸ்எல்எல் $எஸ்1, $எஸ்1, 2 என்று நாளையே மாற்றிவிடுவது. வாரக் கூட்டுத்தொகை லூப்பில் நாள் 0, பிறகு 1 நான்காகிறது. ஒன்று கூட்டினால் 5, அது இருபதாகிறது. அடுத்தது 21, லூப் முடிந்துவிடும். திங்கள், செவ்வாய், சனி மூன்றை மட்டும் கூட்டிய தொகை திரையில் நிற்கும்.

விலை[6] போல எண் நிலையானது என்றால் எல்டபிள்யூ $டி1, 24($எஸ்0) ஒன்றே போதும். அந்த 24 இருக்கும் இடத்தில் ரிஜிஸ்டரை எழுத முடியாது. அங்கே 32767-க்கு மேலும் போகக்கூடாது. ஆகவே இன்ட் அரேயில் 8191 வரைதான் இந்த வழி.

விலை[நாள்] = விலை[நாள்] + 50 என்பதற்கு முகவரியை இரண்டு முறை கணக்கிட வேண்டாம். ஏற்றும் எல்டபிள்யூ, திரும்ப எழுதும் எஸ்டபிள்யூ இரண்டுக்கும் அதே $டி0 போதும், நடுவில் ஆட்ஐ $டி1-இல் 50 கூட்டும். விலையை மட்டும் $டி0-இலேயே ஏற்றிவிடாதீர்கள். எஸ்டபிள்யூ அந்த விலையை முகவரி என்று எடுத்துக்கொள்ளும்.