ஸ்கேன் செய்யாதவரைத் திட்டுவதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடங்கோ லாரித் தொழிலோ நடத்தும் நம்மவர்கள் சிலர் அண்மையில் கேட்பது ஒரே கேள்விதான்: டிஜிட்டல் இரட்டை வாங்கலாமா? நிஜத்தில் நடப்பதை உடனுக்குடன் தகவல் வாங்கிக் காட்டும் கணினி நகல்தான் அது. விற்க வருபவர்கள் காட்டும் திரை கண்ணைப் பறிக்கிறது. துறைமுகம், கிடங்கு, என்3 நெடுஞ்சாலை, ஜோகன்னஸ்பர்க் கடைகள் எல்லாம் கணினிக்குள் ஓடுகின்றன. ஒரு கப்பல் நான்கு நாள் தாமதமானால் எங்கே எந்தச் சரக்கு தீரும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். 2021 ஜூலைக் கலவரத்தையும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கன்டெய்னர்கள் சாலையில் வந்து கிடந்ததையும் கண்ட ஊர் இது. ஆசை வருவது இயல்புதான்.

ஆனால் இந்தக் கருத்து பிறந்த இடம் வேறு. 2002-இல் ஆய்வாளர் மைக்கேல் கிரீவ்ஸ் இதை முன்வைத்தபோது பேசியது தொழிற்சாலைப் பொருள்களைப் பற்றி. விமான எஞ்சினுக்கு இரட்டை செய்தால், உள்ளே பொருத்திய உணரி (சென்சார்) வெப்பத்தையும் அதிர்வையும் தானாகச் சொல்லிவிடும். எஞ்சினுக்கு மேலாளர்மீது சந்தேகம் வராது. கிடங்கில் அந்த உணரியின் வேலையைப் பெரும்பாலும் மனிதர் செய்கிறார். சரக்கு அடுக்கிய மரத்தட்டான பேலட்டை இறக்கியதும் ஸ்கேனரை நீட்டிப் பார்கோடைப் படிக்கிறாரே, அவர் மனம் ஒப்பவில்லை என்றால் இரட்டைக்குக் கண் தெரியாது.

இசிப்பிங்கோ பக்கம் ஒரு மளிகை மொத்தக் கிடங்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் பேலட் சீட்டின் அடிப்பகுதியைக் கிழித்துச் சட்டைப் பையில் சேர்த்துவந்தார்கள். ஷிப்ட் முடியும்போது அலுவலக மேசையருகே நின்று, அத்தனையையும் மொத்தமாக ஸ்கேன் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். காரணம் கேட்டால், உள் வரிசைகளில் வைஃபை எட்டாது. ஒவ்வொரு பேலட்டுக்கும் வாசல்வரை வந்துபோனால் லாரி காத்து நிற்கும், திட்டு விழும். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். திரையில் ரேக்கில் இருந்த பருப்பு மூட்டைகளோ அதற்குள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியிருந்தன. மேலாளர் திரையைக் கைவிட்டுப் பழையபடி தொலைபேசியை எடுத்தார்.

புதிய தொழில்நுட்பத்தைப் பயனர்கள் ஏற்பது பற்றி 1989-இல் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் சொன்ன இரண்டு அளவுகோல்கள் இன்றும் பேசப்படுகின்றன: பயன்படும் என்ற எண்ணம், எளிது என்ற எண்ணம். நம் கிடங்குகளில் முதலாவது யாருக்கு உண்டு? பலன் திட்டமிடுபவருக்கு, உழைப்பு ஸ்கேனர் பிடிப்பவருக்கு. பயிற்சி வகுப்பும் பிரியாணிப் பொட்டலமும் இதைச் சரிசெய்யாது.

அச்சமும் உண்டு, அது வீண் அச்சமும் அல்ல. சரக்கைக் காட்டும் அதே ஸ்கேன், யார் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேலட் நகர்த்தினார் என்பதையும் காட்டும். ஆட்குறைப்பைப் பற்றி யோசிக்கும்போதே தொழிலாளர் தரப்புடன் கலந்துபேச வேண்டும் என்கிறது தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு. தனிநபர் தகவலை எதற்காகத் திரட்டினோமோ அதற்கே பயன்படுத்த வேண்டும் என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா (POPIA) சட்டத்தின் அடிப்படை. வேகக்கணக்கை ஒழுங்கு நடவடிக்கைக்கு எடுப்பீர்களா, மாட்டீர்களா என்பதைத் தொடங்கும் முன்பே தொழிற்சங்கத்திடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். முதல் நாளே கேட்டார்: "தம்பி, உங்கள் இரட்டை வான் ரீனன் கணவாயைப் பார்த்திருக்கிறதா?" நியாயமான கேள்வி. என்3 அந்த மலைக் கணவாய் வழியாகத்தான் போகிறது. பயண நேரத்துக்கு இரட்டை சராசரியை எடுத்துக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் பனி கொட்டி அங்கே நெடுஞ்சாலை மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்ததே, அந்த நினைவு சராசரியில் எங்கே இருக்கும்? அவரே நேரத்தை மாற்றிக் காரணத்தையும் பதிவு செய்ய ஒரு பொத்தான் வைத்தோம். திருத்தம் உடனே திரையில் தெரிந்தது, கடைக்காரருக்கும் புதிய நேரம் போனது. சில வாரங்களில், ஸ்கேன் தாமதமானால் ஓட்டுநர்களை முதலில் கூப்பிட்டுக் கேட்பவர் அவராகவே ஆகிவிட்டார். வைஃபையும் அதற்குள் உள் வரிசைவரை வந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விலைப்பட்டியல் கைக்கு வந்தால் உரிமக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். எல்லா வரிசைக்கும் வைஃபை, உதிரி ஸ்கேனர் பேட்டரிகள், தரைத்தளத்தில் இருப்பவர் திருத்தும் வசதி ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரும்பாலும் இவற்றை உங்கள் செலவு என்று விட்டுவிடுவார்கள். கையெழுத்துக்கு முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.